கறுத்த திரை, ஏழு வோல்ட்: ஜார்ஜ்டவுன் கொமோடோர் 64 ஒன்றின் பழுதுநீக்க ஆய்வு

1980களின் வீட்டுக் கணினியான கொமோடோர் 64 கறுத்த திரையோடு வந்தால், எந்த முகவரி எந்தச் சிப்புக்கு என்று பிரிக்கும் பிஎல்ஏ சிப்பை மாற்றிப் பார் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் முதல் யோசனை. சில வேளைகளில் அது பலிக்கவும் செய்யும். இந்த ஆய்வில் வரும் இயந்திரத்தில் பிஎல்ஏ நன்றாகவே இருந்தது. முதலில் கெட்டது மின்வழங்கி. அது ஒரு ரேம் சிப்பைத் தீர்த்துவிட்டிருந்தது. அதற்குப் பின்னால், பலகை சூடானால் மட்டும் தலைகாட்டும் இன்னொரு பழுது ஒளிந்திருந்தது. கெட்ட மின்வழங்கியோடு புது பிஎல்ஏ-வைச் செருகியிருந்தால் அதுவும் போயிருக்கும். 6510 (மையச் செயலி), 6569 (படம் வரையும் விக்), 6581 (ஒலி எழுப்பும் சிட்) ஆகிய அசல் சிப்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. அதனால் எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்ற ஒழுங்கு உதிரிப்பாகங்களைவிட முக்கியம் என்று கருதுகிறோம். செய்த வேலை அத்தனையையும் அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறோம்.

வந்த நிலை

இயந்திரம் பழுப்பு நிற உடல் கொண்ட முதல் வடிவம். தாய்ப்பலகை எண் 250407, பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கான வகை. சிப்களின் மேல் அச்சிட்ட தேதிகள் பெரும்பாலும் 1983ஐக் காட்டின. (8327 என்று இருந்தால் 1983இன் 27ஆவது வாரம் என்று படிக்க வேண்டும்.) 1980களில் இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஒருவர் கொண்டுவந்தது. அதன் பிறகு பினாங்கு ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பல ஆண்டுகள் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. கூடவே அசல் மின்வழங்கி, சி2என் கேசட் இயக்கி, ஒரு பை நிறையக் கேசட்டுகள். புகார் எளியது: சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, தொலைக்காட்சியில் ஒன்றும் வரவில்லை.

இங்கிலாந்து இயந்திரம் பினாங்குக்கு வந்ததில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. அங்கும் இங்கும் ஒரே மூன்று சதுரக்கால் பிளக், 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாற்றமின்றிச் செருகலாம். தொல்லை ஆன்டெனா வழி வரும் ஒலியில். இங்கிலாந்து பால் முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ், மலேசிய முறையில் 5.5. அந்தக் காலத்து உள்ளூர் தொலைக்காட்சியில் இணைத்தால் படம் வரும், ஒலிக்குப் பதில் இரைச்சல்தான் கேட்கும். 2019இல் மலேசியா அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டதால் படத்தையும் ஒலியையும் ஆன்டெனா சிக்னலாக்கும் மாடுலேட்டரைத் திருத்திப் பயனில்லை. பின்புறம் இருக்கும் 8 கால் டின் (DIN) வட்ட இணைப்பிலிருந்து நேரடியாக எடுப்பதே சரி: 1ஆம் காலில் ஒளிச்செறிவு, 2இல் தரை, 3இல் ஒலி, 4இல் கூட்டு வீடியோ, 6இல் நிறம். எஸ்-வீடியோ கம்பி செய்தால் நிறக் கோட்டில் 330 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேருங்கள். இல்லாவிட்டால் இன்றைய எல்சிடி திரைகளில் நிறம் அளவுக்கு மீறித் தெறிக்கும்.

மின்வழங்கி: இதைத் தனியே அளக்காமல் எதையும் தொடாதீர்கள்

அசல் மின்வழங்கி இரண்டு வகை மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் நேர்மின், 9 வோல்ட் மாறுமின். 7 கால் டின் பிளக்கில் 5ஆம் கால் 5 வோல்ட், 2ஆம் கால் தரை, 6உம் 7உம் சேர்ந்து 9 வோல்ட் மாறுமின். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் நேரியல் ரெகுலேட்டரும் எபாக்சிப் பிசினில் முழுதாகப் புதைந்திருக்கும். காற்றோட்டம் கிடையாது. 31 டிகிரி அறையில் வெப்பம் போக வழியில்லாமல் ரெகுலேட்டர் ஆண்டுக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் அது கெடும்போது வெளியீடு பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை, மேலே ஏறுகிறது. இந்த மின்வழங்கியின் பெரிய ஆபத்து அதுதான்.

சுமை இல்லாமல் மீட்டர் வைத்தபோது 5.1 வோல்ட் காட்டியது. பலர் இதோடு நிறுத்தி, மின்வழங்கி நல்லது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சுமையோடு, சூடேறும்வரை அளந்தால்தான் உண்மை தெரியும். 3.3 ஓம் 10 வாட் மின்தடையை 5ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் இடையே இணைத்தால் சுமார் 1.5 ஆம்பியர் ஓடும், கொமோடோர் 64 இழுக்கும் அளவை ஒட்டியது. மின்தடை கையைச் சுடும் அளவு வெப்பமாகும், ஓடு ஒன்றின் மேல் வையுங்கள். முதலில் 5.08 வோல்ட். கால் மணி நேரம் கழித்து 5.2. பிறகு சீராக ஏறி 6ஐத் தாண்டியது. 7.1இல் சோதனையை நிறுத்தினோம்.

74எல்எஸ் வரிசை லாஜிக் சிப்களுக்கும் 4164 ரேம் சிப்களுக்கும் தாங்கும் உச்ச வரம்பு 7 வோல்ட். இயல்பான வேலைக்கு 4.75இலிருந்து 5.25வரை. உரிமையாளர் விளக்கு எரிகிறதே என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த ஒவ்வொரு தடவையும் பலகை இந்த வரம்பின் விளிம்புக்குப் போய் வந்திருக்கிறது. பிசினைச் சுரண்டி ரெகுலேட்டரை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதைப் பரிந்துரைக்க மாட்டோம். டிரான்ஸ்ஃபார்மரின் காப்புறை வயதானது, பிசினை உடைக்கையில் அதுவும் காயப்படும். அங்கே ஓடுவது 240 வோல்ட்.

புதிய மின்வழங்கிக்கு எடுத்துக்கொண்டவை: 9 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், 5 வோல்ட் 3 ஆம்பியர் சுவிட்சிங் மாட்யூல் (வெளியீட்டைத் திருத்தும் திருகு உள்ளது), காற்றுத்துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் 200 மில்லிஆம்பியர் மெதுவாக உருகும் ஃபியூஸ். பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர். 9 வோல்ட் சுற்றின் எந்த முனையும் 5 வோல்ட்டின் தரையைத் தொடக் கூடாது. அதை நேர்மின்னாக்கும் பாலம் பலகையிலேயே இருக்கிறது, இரண்டையும் இணைத்தால் அந்தப் பாலம் குறுக்கிணைப்பாகிவிடும்.

9 வோல்ட்டை ஒரு நேர்மின் அடாப்டரால் ஈடுசெய்யலாமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. கூடாது. பலகை அந்த மாறுமின்னிலிருந்துதான் சிட் சிப்புக்கும் விக் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட்டை உண்டாக்குகிறது. கேசட் மோட்டாருக்கு மின்சாரம் அங்கிருந்துதான். விசைப்பலகையையும் வெளி இணைப்புகளையும் கவனிக்கும் இரண்டு சிஐஏ (6526) சிப்களின் நாள்நேரக் கடிகாரமும் அந்த 50 ஹெர்ட்ஸ் துடிப்பையே எண்ணுகிறது.

மிகை வோல்ட் காவலுக்கு, வோல்ட்டை ஒப்பிடும் டிஎல்431 ஒன்றும், மின் சுவிட்சாக வேலை செய்யும் 8 ஆம்பியர் டிரையாக் ஒன்றும். 12 கிலோஓம், 10 கிலோஓம் மின்தடைகளால் 5 வோல்ட்டைப் பகிர்ந்து டிஎல்431க்குக் கொடுத்தால், அதன் 2.5 வோல்ட் ஒப்பீட்டுப்படி 5.5 வோல்ட்டில் அது விழித்துக்கொள்ளும். உடனே டிரையாக் வெளியீட்டைத் தரையோடு சேர்த்துவிடும், மாட்யூல் தன் மின்னோட்டத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். செலவு சில ரிங்கிட்தான். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி 1.2 மீட்டர் போட்டதில், போய்த் திரும்பும் வழியில் சுமார் 0.09 வோல்ட் இழப்பு. அதனால் மாட்யூலை 5.1இல் நிறுத்தினோம். பலகையின் ரேம் கால்களில் 5.02 கிடைத்தது.

பலகையைத் திறந்தபோது

உடலின் அடியில் மூன்று திருகுகள். பால் இயந்திரங்களில் பலகைக்கு மேல் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை ஒன்று இருக்கும், வானொலி இடையூறைத் தடுப்பதற்கு. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்பதால் இந்த அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இதிலும் அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சை. அது படிந்திருந்த இடங்களில் சிப் கால்கள் கறுத்திருந்தன, மாடுலேட்டரின் தகரப் பெட்டியில் துரு. அட்டையைத் திரும்பப் போடவில்லை. உலர்த்தி, பையில் போட்டு, இயந்திரத்தோடு கொடுத்துவிட்டோம். அது இல்லாமலே இயந்திரம் குளிர்ச்சியாக ஓடும்.

கரப்பான் எச்சம், பல்லி முட்டை ஓடு ஆகியவற்றைத் தூரிகையால் தள்ளி, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவினோம். எச்சத்தில் உப்பும் அமிலமும் உண்டு. ஈரக்காற்றில் அது செம்புத் தடங்களை அரிக்கும், அதனால் மேலோட்டமாகத் துடைத்தால் போதாது. எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் ஒன்றும் கசியவில்லை. கொமோடோர் 64இல் அவை கசிவது அரிது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் பழக்கம் இந்தப் பலகைக்குத் தேவையில்லை, தடங்கள் உரிந்துவருவதுதான் மிச்சமாகும்.

அடுத்து, சாக்கெட்டில் இருந்த சிப்கள் அனைத்தையும் கழற்றினோம். 6510, 6569, 6581, இரண்டு 6526, பிஎல்ஏ. ரேம் எட்டும், லாஜிக் சிப்களும் நேரடியாக ஈயத்தில் பற்றவைத்தவை. விலைமதிப்புள்ளவை வெளியே இருக்கும்போது மின்சாரம் கொடுத்துச் சாக்கெட்டுகளில் அளப்பதுதான் பாதுகாப்பு. சிட் சாக்கெட்: 28ஆம் காலில் 12 வோல்ட், 25இல் 5, 14 தரை. விக் சாக்கெட்: 13ஆம் காலில் 12, 40இல் 5, 20 தரை. விக்குக்கான 5 வோல்ட் மின்வழங்கியிலிருந்து நேராக வருவதில்லை. 9 வோல்ட்டிலிருந்து பலகையில் உள்ள இன்னொரு ரெகுலேட்டர் தருவது, ஆகவே ஒரு 5 வோல்ட் சரி என்றால் மற்றதும் சரி என்று எண்ணக் கூடாது. 12உம் இந்த 5உம் இரண்டுமே இல்லாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பலகையில் உள்ள 1.5 ஆம்பியர் ஃபியூஸ். இங்கே மூன்று அளவும் சரியாக இருந்தன. மிகை வோல்ட் மின்வழங்கியின் 5 வோல்ட் கோட்டில் மட்டும் வந்ததால் விக்கும் சிட்டின் 12 வோல்ட் பக்கமும் தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அப்போதே தெரிந்தது.

கறுத்த கால்களைக் கண்ணாடியிழைப் பேனாவால் மென்மையாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொரு சிப்பையும் செருகி எடுத்து மீண்டும் செருகினோம். நம் காற்றில் சாக்கெட் தொடர்பு கறுப்பதே பல மர்மப் பழுதுகளுக்குக் காரணம். இதைச் செய்யாமல் சிப்பைக் குற்றம் சாட்டுவது அநியாயம்.

கறுப்பு என்ன சொல்கிறது

எல்லாக் கறுத்த திரையும் ஒன்றல்ல. எல்சிடி திரை ‘சிக்னல் இல்லை’ என்று காட்டினால் விக் சிப்போ அதன் கடிகாரமோ இறந்திருக்கலாம். சிக்னலை ஏற்றுக்கொண்டு கறுப்பாக நின்றால் விக் ஒத்திசைவுத் துடிப்பை அனுப்புகிறது, ஆனால் நிற எண்களை யாரும் அதற்குள் எழுதவில்லை. நீலத் திரையையும் எழுத்தையும் வரைய வேண்டியது 6510. அது துவக்க நிரலை முடிக்கவே இல்லை என்று பொருள். இந்த இயந்திரம் இரண்டாம் வகை.

6510இன் 40ஆம் காலில் ரீசெட் கோடு. மின்சாரம் போட்டதும் சற்று நேரம் தாழ்ந்து, பிறகு 5 வோல்ட்டுக்கு ஏறியது, சரி. 39ஆம் காலில் கடிகாரம் ஏறக்குறைய 0.985 மெகாஹெர்ட்ஸ், அதுவும் சரி. பிஎல்ஏ-வை எடுத்து, நன்றாக ஓடும் வேறொரு கொமோடோர் 64இல் போட்டோம். பழுதில்லாமல் ஓடியது. (நல்ல சிப்பைச் சந்தேகத்துக்குரிய பலகையில் போடுவதைவிட, சந்தேகத்துக்குரிய சிப்பை நல்ல பலகையில் போடுவது மேல். குறுக்கிணைப்பால் கொதிக்கும் சிப் என்றால் மட்டும் அதுவும் வேண்டாம்.)

பிறகு 781220 எனப்படும் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ். இது அல்டிமாக்ஸ் முறையில் ஓடும். இயந்திரத்துக்குள் நிலையாக எழுதிவைத்த நிரல்களான பேசிக், கெர்னல் ரோம்களைச் சார்ந்திராது, ரேமையும் நம்பாமல் தொடங்கும். சில விநாடி கறுப்புக்குப் பிறகு திரை மினுக்கினால், மினுக்கல்களின் எண்ணிக்கையே கெட்ட ரேம் சிப்பைச் சொல்லும் (யூ எண் என்பது பலகையில் சிப் இருக்கும் இடம்): 1 என்றால் யூ12, 2 யூ24, 3 யூ11, 4 யூ23, 5 யூ10, 6 யூ22, 7 யூ9, 8 யூ21. ஒன்றுக்கு மேற்பட்ட சிப் கெட்டிருந்தால் இந்த எண்ணிக்கையை முழுதாக நம்ப முடியாது.

ஐந்து மினுக்கல். யூ10, தரவுக் கோடு 3.

எண்ணிக்கையைவிட மதிப்புள்ள செய்தி ஒன்று இதில் இருக்கிறது. திரை மினுக்கியது என்றாலே 6510 நிரலை ஓட்டுகிறது, பிஎல்ஏ முகவரிகளைச் சரியாகப் பிரிக்கிறது, விக் சொன்னதைக் கேட்கிறது என்று பொருள். ஒரே சோதனையில் மூன்று விலை உயர்ந்த சிப்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டன. ஒரு ரேம் சிப் இறந்தால் திரை ஏன் கறுக்கிறது என்பதும் இங்கே விளங்கும். நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட் பொய்யானால், 6510 அடுக்கில் சேமித்த திரும்பும் முகவரியும் பொய்யாகும். முதல் துணைநிரலிலிருந்து திரும்பும்போதே வழி தவறிவிடும்.

உறுதிசெய்ய, நல்ல 4164 ஒன்றை யூ10இன் முதுகில் கால் மேல் கால் பொருந்த அழுத்திச் சுவிட்சைப் போட்டோம். நீலத் திரை வந்தது, ஆனால் காலி நினைவகம் வழக்கமான 38911 பைட் என்பதற்குப் பதில் குறைந்த எண். முதுகில் ஏற்றும் சோதனை வெற்றி பெற்றால் நல்ல சான்று. தோற்றால் ஒன்றையும் நிரூபிக்காது, இறந்த சிப் கோட்டை வலுவாக இழுத்துக்கொண்டிருந்தால் மேலே இருப்பது பேசவே முடியாது.

4164இல் ஒரு பொறி: 8ஆம் கால்தான் 5 வோல்ட், 16ஆம் கால் தரை. பக்கத்தில் இருக்கும் 74எல்எஸ் சிப்களில் இது தலைகீழ். பழக்கதோஷத்தில் அளந்தால் மீட்டர் கழித்தல் குறி காட்டும், அதற்காக மின்சாரம் மாறிவிட்டது என்று பதற வேண்டாம். 4116 சிப் உருவத்தில் ஒரே மாதிரி இருந்தாலும் 12 வோல்ட்டும் கழித்தல் 5 வோல்ட்டும் கேட்பது. அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது. வேகம் 200 நானோவிநாடியோ 150ஓ எதுவானாலும் சரி.

சிப்பை எடுத்தல்

இறந்தது உறுதி என்றால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள், பலகையைக் காப்பாற்றுங்கள். நுனி மெல்லிய கட்டரால் 16 கால்களையும் உடலோடு ஒட்டி வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் மேலே இழுக்க வேண்டும். பழைய ஈயத்தின் மேல் முதலில் புதிய 60/40 ஈயம் கொஞ்சம் விடுங்கள். பழையது அதோடு கலந்து சீராக உருகும். 350 டிகிரி போதும். தரைக் காலான 16 அகன்ற செம்போடு சேர்ந்திருப்பதால் வெப்பத்தைக் குடிக்கும், அங்கே மட்டும் அகன்ற நுனி. கால் தானாக வழுக்கி வரும்வரை காத்திருக்க வேண்டும். வலிந்து இழுத்தால் துளையின் உள்பூச்சு கூடவே வந்துவிடும், பிறகு மேல் தடத்துக்கும் கீழ்த் தடத்துக்கும் தொடர்பு இருக்காது. துளைகளை ஈய உறிஞ்சியால் திறந்து, 16 கால் சாக்கெட் பற்றவைத்தோம். ரேம்களின் முகவரிக் கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால், பக்கத்து ரேமின் அதே காலோடு தொடர்பு ஒலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது எளிது. 2ஆம் காலும் 14ஆம் காலும் மட்டும் ஒவ்வொரு சிப்புக்கும் தனி, இரண்டும் ஒரே தரவுக் கோட்டில் சேர்ந்திருக்கும்.

புதிய 4164 பொருத்தியதும் டெட் டெஸ்ட் மினுக்காமல் ஓடியது. கார்ட்ரிட்ஜ் இல்லாமல் போட்டால் நீலத் திரை, 38911 பேசிக் பைட் காலி.

சூடானால் வரும் பழுது

வேலை முடிந்தது என்று மூடியிருந்தால் இயந்திரம் ஒரு வாரத்தில் திரும்பி வந்திருக்கும். அரை மணி நேரம் ஓடியதும் திரையில் சில எழுத்துகள் தாமாக மாறின, கொஞ்சம் கழித்து இயந்திரம் உறைந்தது. அணைத்து ஆறவிட்டால் மீண்டும் நலம். மூடியை மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம் வந்தது.

இப்போது டெட் டெஸ்ட் போட்டபோது மினுக்கல் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் வேறு. அதுவே துப்பு. ரேம் சிப் ஒன்று கெட்டால் ஒரே பிட்தான் தவறும். பல பிட்கள் மாறி மாறித் தவறினால் தவறு தரவில் இல்லை, முகவரியில். 6510இன் 16 முகவரிக் கோடுகளை இரண்டு தவணையாக, எட்டு எட்டாக, ரேமுக்கு ஊட்டுபவை யூ13, யூ25 என்ற இரண்டு 74எல்எஸ்257 மல்டிபிளெக்ஸர்கள். அவை ஒரு கோட்டைத் தவறவிட்டால் எட்டு ரேம்களும் ஒரே நேரத்தில் தவறான அறையைத் திறக்கும். இந்தப் பலகையில் அவை இரண்டும் கொமோடோரின் சொந்தச் சிப் நிறுவனமான மாஸ் (MOS) செய்தவை. கொமோடோர் பலகைகளில் அந்தத் தயாரிப்பின் லாஜிக் சிப்கள் சாவது அனுபவசாலிகள் அறிந்ததே. 7 வோல்ட்டைச் சாப்பிட்ட பிறகு சொல்ல வேண்டியதில்லை.

பழுது தோன்றிய நிலையில் குளிர்த் தெளிப்பானை ஒரு சிப்புக்கு ஒரு விநாடி என்று அடித்தோம். ரேம்களில் மாற்றமில்லை, யூ13இல் இல்லை, யூ25இல் அடித்ததும் சோதனை சுத்தமாக ஓடத் தொடங்கியது. சூட்டுக்கோலின் வெப்பத்தை அருகே காட்டினால் பழுது திரும்பியது. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. ஈரப்பதம் அதிகமான அறையில் குளிர்ந்த சிப்பின் மேல் உடனே நீர் வியர்க்கும். அடித்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நீரே புதிய பழுதைக் காட்டும்.

யூ13, யூ25 இரண்டையும் மாற்றிச் சாக்கெட் போட்டோம். ஒன்றுதான் கெட்டது என்றாலும் இரண்டும் ஒரே வயது, ஒரே அடி வாங்கியவை, விலையும் அற்பம். கோலாலம்பூர் புடு பகுதியில் ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைகளில் பழைய 74எல்எஸ் வரிசையைத் தேடலாம். எல்எஸ் இல்லை, எச்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் ஏற்க வேண்டாம். 74எச்சி வகை ஒரு கோட்டை உயர்ந்தது என்று ஏற்க சுமார் 3.5 வோல்ட் கேட்கும். இந்தப் பலகையில் ஓடும் டிடிஎல் அளவுகள் அதற்கு உறுதி தருவதில்லை. கிடைத்த சிப்களின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சு இருந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் திறந்தது. அந்தப் பத்தாண்டில் இங்கு வந்த ஆலைகளில் நம் வீட்டுப் பெண்கள் பலர் நுண்ணோக்கியில் கண் வைத்துச் சிப்களுக்குக் கம்பி பூட்டியவர்கள். பழைய பலகை எதைத் திறந்தாலும் அந்த அச்சைத் தேடிப் பாருங்கள்.

விசைப்பலகை

நான்கு விசைகள் அழுத்தி அழுத்திக் கேட்டால்தான் வந்தன. சிதறலாக நான்கு என்றால் தொடர்பு அழுக்கு. ஒரே வரிசையில் எட்டு போனால் கம்பி, இணைப்பு அல்லது யூ1 இடத்து 6526. யூ1ஐயும் யூ2ஐயும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வி நிமிடத்தில் தீரும். ஜாய்ஸ்டிக் இணைப்பும் அதே யூ1இல்தான் முடிகிறது, அதனால் இயந்திரம் ஓடும்போது ஜாய்ஸ்டிக்கைச் செருகவோ பிடுங்கவோ கூடாது.

பின்பலகையைக் கழற்றுமுன் ஷிஃப்ட் லாக் விசையின் இரண்டு கம்பிகளின் ஈயத்தை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு சிறு திருகுகள். அவை பிளாஸ்டிக்கில் இறங்கியவை, திரும்பப் போடும்போது முதலில் எதிர்த்திசையில் சுற்றி, பழைய மரையில் ‘டக்’ என்று விழுந்த பிறகு முறுக்குங்கள். கரித் தொடர்புகளைப் பஞ்சுக் குச்சியும் ஆல்கஹாலும் கொண்டு ஒரே தடவை துடைத்தால் போதும். உப்புத்தாள் பட்டால் கரிப்பூச்சு போய்விடும்.

உடலை வெளுக்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம். இந்தப் பழுப்பு உடல் பிந்திய வெளிர்நிற வடிவம் அளவுக்கு மஞ்சளாவதில்லை. 12 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி நம் நடுப்பகல் வெயிலில் வைத்தால் பட்டை பட்டையாக வெளுக்கவும், மேல்மூடி வளையவும் வழியுண்டு. பாத்திரச் சவர்க்காரமும் மென்தூரிகையும் போதுமானதாக இருந்தன.

கேசட் இயக்கி

சி2என் உள்ளே பெல்ட் தாராக உருகிக் கப்பிகளில் ஒட்டியிருந்தது. வெப்பநாட்டில் பழைய ரப்பருக்கு இதுதான் கதி. ஆல்கஹாலில் நனைத்த துணியால் எல்லாக் கப்பிகளையும் பளபளப்பு வரும்வரை துடைக்க வேண்டும். சிறு துணுக்கு மிச்சமிருந்தாலும் வேகம் தள்ளாடும். பெல்ட் அளவுக்கு, நூலைக் கப்பிகளைச் சுற்றி எடுத்து, அந்த நீளத்தில் ஐந்திலிருந்து பத்து விழுக்காடு குறைத்து வாங்கலாம். எண்ணி பெல்ட் தனி, அதையும் மாற்றினோம். அழுத்து உருளை, ஹெட் இரண்டையும் துடைத்து, காந்த நீக்கியை ஹெட் மேல் ஓட்டினோம்.

கேசட்டுகளில் பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சை. அவற்றை இயக்கியில் போடவே கூடாது. ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி அடுத்ததைத் தொற்றும். முகமூடி அணிந்து, கையால் சுற்றியபடி உலர்ந்த மென்துணியின் ஊடே நாடாவை இழுத்துத் துடைத்து, பிறகு நாடாவைப் புதிய ஓட்டுக்கு மாற்றினோம். திருகு இல்லாத ஒட்டிய ஓடுகளைக் கத்தியால் பிளந்துதான் திறக்க வேண்டியிருந்தது.

சொந்தமாகப் பதிந்த நிரல்கள் உடனே ஏறின, கடையில் வாங்கிய விளையாட்டுகள் பிழை காட்டின. இது பெரும்பாலும் ஹெட் சாய்வு. கெர்னல் தன் வழியில் பதியும்போது ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு தடவை எழுதுகிறது, கொஞ்சம் பிசகினாலும் மீட்டுக்கொள்ளும். வணிகக் கேசட்டுகளின் டர்போ ஏற்றிகள் துடிப்புகளை நெருக்கிப் பதிந்தவை, சாய்வைப் பொறுத்துக்கொள்ளாது. ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகைக் கால் சுற்று அளவுக்குள் திருப்பி, துடிப்பு அகலங்களைத் திரையில் காட்டும் நிரலில் புள்ளிகள் சிதறாமல் மெல்லிய கோடுகளாகக் கூடும் இடத்தில் நிறுத்தினோம். திருகை ஒரு சொட்டு நகப்பூச்சால் பூட்டியாயிற்று. உரிமையாளர் தன் சொந்தப் பதிவுகளைப் பழைய சாய்வில் பதிந்திருப்பார் என்பதால், திருகைத் தொடுமுன் அவற்றையெல்லாம் ஏற்றி எஸ்டி அட்டையில் நகலெடுத்துவிட்டோம். இந்த ஒழுங்கை மாற்றினால் அந்த நிரல்கள் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

ஒப்படைக்குமுன்

586220 கண்டறி கார்ட்ரிட்ஜை அதன் வளைய இணைப்புகளோடு மாட்டி, மூடியை மூடி, குளிர்சாதனம் இல்லாத அறையில் பகல் முழுதும் ஓடவிட்டோம். ரேம், ரோம், இரண்டு சிஐஏ, சீரியல், கேசட், ஜாய்ஸ்டிக் எல்லாம் தேறின. விக், சிட், பிஎல்ஏ மூன்றுக்கும் ஒட்டும் வெப்பத்தகடு வைத்தாயிற்று. மிஞ்சிய ஏழு பழைய ரேம்களை மாற்றவில்லை. அவையும் 7 வோல்ட்டைக் கண்டவைதான், ஆனால் ஓடுகின்றன. சாகும்போது டெட் டெஸ்ட் எண்ணிச் சொல்லும். அதற்காக இரண்டு 4164ஐப் பெட்டிக்குள் வைத்து, எந்த எண்ணிக்கைக்கு எந்த இடம் என்ற அட்டவணையை மூடியின் உள்புறம் ஒட்டியிருக்கிறோம்.

பழைய மின்வழங்கியின் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தோம். பெட்டியைப் பார்த்து யாராவது செருகிவிடக் கூடாது. சேமிப்புக்கு, கேமரா லென்ஸ் வைக்கும் உலர்பெட்டியில் 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம். இயந்திரத்துக்கு அவ்வளவு இடம் இல்லையென்றால் கேசட்டுகளுக்கு மட்டுமாவது. இயந்திரத்தை மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினால் அதன் வெப்பமே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும். ஆறு மாதம் கழித்து மின்வழங்கியின் 5 வோல்ட்டைச் சுமையோடு மறுபடி அளக்க வேண்டும்.